எண்ணெய்க்கு முன் தண்ணீர்!
லைசென்ஸ் துப்பாக்கியின் குழலை வீட்டில் சுத்தம் செய்யும் முறை

2024-ம் ஆண்டு மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. இடைப்பட்டது 80 நாட்கள். ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வங்கிக் காவலர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். மற்றவர்களின் துப்பாக்கிகள் சாக்கில் சுற்றியோ, ஒரு மூலையில் சாய்த்தோ வாரக்கணக்கில் கிடக்கும். அதுவும் கடல் காற்றும் வேர்வையும் கலந்த சென்னைப் பக்கத்துக் கோடையில்!

திரும்ப வாங்கி வந்து குழலுக்குள் பார்த்தால், உள்ளே செம்மண் பூசியது போலத் துரு. 'கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது?' என்று யாரைக் கேட்பது? பெரும்பாலும் அந்தத் துருவுக்கான விதை, ஒப்படைப்பதற்கு முன்பே வீட்டில் விழுந்திருக்கும். கடைசியாகச் சுட்ட அன்று குழலைக் கழுவாமல், மேலே ஒரு கை எண்ணெய் தடவிப் பரணில் வைத்திருப்பார்கள். துப்பாக்கி வயலில் கெடுவதைவிட, சும்மா இருக்கும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்றதும் தொழிற்சாலையும் அடுக்குமாடியும்தான் இப்போது நினைவுக்கு வரும். ஆனால், திருமழிசை, நேமம், வெள்ளவேடு, திருநின்றவூர் பக்கங்களில் நெல்லும் கீரையும் பூவும் இன்னும் இருக்கின்றன. அப்பா, தாத்தா காலத்தில் பயிர்க் காவலுக்கு வாங்கிய துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. ஆவடி, பட்டாபிராம் பக்கம் குடியேறிய முன்னாள் படைவீரர்களில், சொந்தத் துப்பாக்கியோடு காவல் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலை, குழலைச் சுத்தம் செய்வது. பார்ப்பதற்குச் சாதாரண வேலைதான். ஆனால், கவனம் தவறினால் உயிரை வாங்கும் வேலை.

எந்தத் துப்பாக்கி உங்களுடையது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்பவருக்கு வாய்வழியாக மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உள்ளே வரி இல்லாத வேறு வகைத் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். அதனால், விவசாயிகள் கையில் இருப்பவை இரண்டே வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று, கருமருந்தையும் ரவையையும் குழலின் வாய்வழியே போட்டுக் கம்பியால் கிட்டிக்கும் பழைய துப்பாக்கி. இன்னொன்று, பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல் துப்பாக்கி. பெரும்பாலும் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை நுழையும் அளவுதான் 12 போர். குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர்.

ரைபிள் என்பது வேறு. அதன் குழலுக்குள் மரை போலச் சுற்றிச் செல்லும் வரிகள் இருக்கும். குண்டு அந்த வரியைக் கவ்விச் சுழன்றுகொண்டே வெளியேறும். அதனால் நேராகவும் தூரமாகவும் போகும். ஆவடிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க டாங்க் போதும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான அர்ஜுன் டாங்கின் 120 மி.மீ. பீரங்கி உள்ளே வரி போட்டது. அதே தொழிற்சாலையில் உருவாகும் டி-90 டாங்கின் 125 மி.மீ. பீரங்கி உள்ளே வழவழப்பானது. ஒரே ஊரில் இரண்டு ரகமும்! வரி உள்ள குழலில் அழுக்கு தங்க இடம் அதிகம். வழவழப்பான குழலில் குறைவு. ஆனால், துருவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு உரிமம் என்பது வேட்டை உரிமம் அல்ல. மயிலும் காட்டுப்பன்றியும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோதும், சுடும் வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்தது, விவசாயியிடம் அல்ல.

காலியாக இருக்கிறதா? மூன்று முறை பாருங்கள்

'துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது எதிர்பாராமல் வெடித்தது' என்று நாளிதழில் எத்தனை முறை படித்திருப்போம்! துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை. உள்ளே மருந்து இருந்தது; இருப்பது தெரியாமல் கை வைத்தார்கள். அவ்வளவுதான்.

தோட்டாத் துப்பாக்கியில் இதைத் தெரிந்துகொள்வது சுலபம். வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, குழலை மடக்கித் திறந்தால் பின்வாய் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருந்தால் எடுத்துவிட்டு, விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். எடுத்த தோட்டாக்களை அதே அறையில் வைக்கக் கூடாது. வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த பிறகுதான் துணியை எடுக்க வேண்டும்.

வாய்வழித் துப்பாக்கியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பின்பக்கம் அடைப்பு. திறந்து பார்க்க முடியாது. போன வருஷம் தை மாதம் பன்றிக்காகக் கிட்டித்து, பன்றி வராமல் போய், அப்படியே சுவரில் மாட்டிய துப்பாக்கியாகக்கூட இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து வருஷக் கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. முதலில் நிப்பிளின் மேல் கேப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட வேண்டும். பிறகு, குழலின் வாய்க்கு நேராக முகமோ உடம்போ வராமல் ஒதுங்கி நின்று, கிட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெதுவாக இறக்க வேண்டும். குத்தக் கூடாது; தானாக இறங்கி நிற்கட்டும். வாயருகே கம்பியில் ஓர் அடையாளம் போட்டு வெளியே எடுத்து, அதே கம்பியைக் குழலுக்கு வெளியே ஒட்டினாற்போல வைத்துப் பாருங்கள். அடையாளம் வாயோடு சேரும்போது, கம்பியின் மறுமுனை நிப்பிள் இருக்கும் இடம்வரை வந்தால் குழல் காலி. இரண்டு, மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. மருந்தும் ரவையுமாக இருக்கலாம். குளவி கட்டிய மண்கூடாகவும் இருக்கலாம். எதுவானாலும் அன்றைக்குச் சுத்தம் செய்யும் வேலை அதோடு நின்றது. கம்பியால் நோண்டுவது, சூடு காட்டுவது எல்லாம் கூடாது. வாயைப் பத்திரமான பக்கம் வைத்துப் பூட்டிவிட்டு, உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும்.

கருமருந்துக்குத் தண்ணீர்தான் மருந்து

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 'இரும்பில் தண்ணீர் பட்டால் துரு பிடிக்கும்' என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். அதனால், கருமருந்துத் துப்பாக்கியைச் சுட்ட பிறகு தண்ணீரே காட்டாமல் எண்ணெய் விட்டுத் துடைக்கிறார்கள். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. எரிந்த பிறகு பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் தங்கிவிடும். அந்தக் கசடில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானாக நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? குழலுக்குள்ளும் அதே கதைதான். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் விட்டால், உப்பையும் ஈரத்தையும் மூடி போட்டுப் பாதுகாத்த மாதிரி ஆகும். சென்னைப் பக்கத்து ஈரக் காற்றில் துரு எட்டிப் பார்க்க ஓர் இரவு போதும்.

உப்பு தண்ணீரில் கரையும். அதனால் முதலில் தண்ணீர், பிறகு உலர்த்தல், கடைசியில் எண்ணெய். சுட்ட அன்றே இதைச் செய்துவிட வேண்டும்.

முடிந்தால் குழலைக் கட்டையிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். மரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பிப் பிளக்கும். நிப்பிளை அதற்குரிய சாவியால் கழற்றி, ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். துணி துவைக்கும் சோப்பைக் கொஞ்சம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரைக் குழலின் வாய்வழியே விட்டு, கம்பி முனையில் சுற்றிய துணியை மேலும் கீழும் இழுத்தால், நிப்பிள் துளை வழியே கறுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். கூடவே அழுகிய முட்டை வாடை அடிக்கும். பயப்பட வேண்டாம், கந்தகக் கசடு கரைகிறது என்று அர்த்தம். வருகிற தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி விட வேண்டும். கடைசியாக ஒருமுறை நன்கு கொதித்த தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றினால், குழல் சூடேறி உள்ளே இருக்கும் ஈரம் தானே ஆவியாகும். கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். குழல் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுடும்.

சூடு ஆறுவதற்குள் உலர்ந்த துணியை மூன்று, நான்கு முறை விட்டு எடுக்க வேண்டும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தால் போதும். உடனே எண்ணெய் தொட்ட துணி. இதில் தாமதித்தால், கழுவிய குழலிலேயே மஞ்சளாக ஒரு துருப்படலம் படியும்.

அழுக்குத் தண்ணீரை மாட்டுத் தொட்டிப் பக்கமோ, கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. அதில் ஈயத் துகள் இருக்கும். சமையலறையிலும் இந்த வேலை வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுத் தட்டைத் தொட வேண்டும். இதற்குப் பயன்படுத்திய சொம்பையும் புனலையும் மறுபடி வீட்டுக்குள் புழங்கவிடாதீர்கள்.

தோட்டாத் துப்பாக்கிக்கு

இப்போது கிடைக்கும் 12 போர் தோட்டாக்களில் இருப்பது புகை குறைந்த மருந்து. கருமருந்து அளவுக்கு உப்பு விடாது. ஆனால், எரியாத துகள், ஈயம், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு உரசிய தடம் ஆகியவை தங்கும். இதற்குத் தண்ணீர் தேவையில்லை. ஆயுதக் கடையில் விற்கும் சுத்திகரிப்புத் திரவத்தைப் பித்தளை அல்லது நைலான் பிரஷ்ஷில் தொட்டு, பின்வாயிலிருந்து முன்வாய்க்குத் தள்ள வேண்டும். பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் 3 அங்குலச் சதுரமாகக் கிழித்த துணிகளை ஒவ்வொன்றாக விட்டுத் துடைத்தால் போதும். பாலியெஸ்டர் கலந்த துணி எதையும் உறிஞ்சாது, வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பின்வாயிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழலின் முன்வாய் விளிம்புதான் குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம். கம்பி உரசி உரசி அந்த விளிம்பு தேய்ந்தால் குறி கெடும். ரைபிளில் இது இன்னும் முக்கியம். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு 'புல் த்ரூ' கயிறு தெரிந்திருக்கும். ஒரு முனையில் பித்தளை எடை, மறுமுனையில் துணி கோக்கும் கண்ணி. எடையைப் பின்வாய் வழியே போட்டு, முன்வாய் வழியே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. துடைக்க 4-க்கு 2 அங்குலச் 'சிந்தி', எண்ணெய் தடவ அதைவிடச் சற்றுச் சின்னது என்று என்.சி.சி. பையன்கள்கூடச் சொல்வார்கள். பழைய .303 ரைபிளின் கட்டைக்குள், இந்தக் கயிறும் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியும் வைக்கவே ஒரு பொந்து உண்டு. அந்தக் காலத் தோட்டாவின் கேப்பிலிருந்த ரசாயனமும் உப்பை விட்டுச் சென்றதால், பிரிட்டிஷ் ராணுவமே .303 குழலில் கொதிநீர் ஊற்றித்தான் கழுவியது.

குழல் அழுக்கு ஒரு நாட்டின் வரலாற்றிலும் கை வைத்திருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பொறியாக இருந்த என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பு எதற்காகத் தடவப்பட்டது? வரி போட்ட குழலில் கருமருந்துக் கசடு சேர்ந்து, அடுத்த குண்டு இறங்காமல் இறுகிக்கொள்ளும். அது வழுக்கி இறங்கத்தான் கொழுப்பு. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவியதும் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

துடைத்து முடித்ததும், வெளிச்சமான சுவரையோ வெள்ளைத் துணியையோ நோக்கிக் குழலைப் பிடித்துப் பின்வாய் வழியே பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடி போல ஒரே சீராகத் தெரிந்தால் நல்லது. நடுவில் வளையல் போல ஒரு கறுப்பு நிழல் தெரிந்தால், அந்த இடத்தில் குழல் உள்ளே உப்பியிருக்கிறது. குழலில் எதுவோ அடைத்திருந்தபோது சுட்டதன் விளைவு அது. அந்தத் துப்பாக்கியை இனி சுடக் கூடாது. அடுத்த முறை வெடிப்பது தோட்டா மட்டுமாக இருக்காது. குழலும் சேர்ந்து வெடித்து, தாங்கிப் பிடித்திருக்கும் இடது கையைக் கொண்டுபோகும். சுத்தம் செய்த துணியை உள்ளேயே மறந்துவிட்டுச் சுட்டாலும் இதே கதிதான். எத்தனை துணி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணிவிடுவது நல்லது. தூசு புகாமலிருக்க வாயில் பஞ்சு அடைத்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பஞ்சு ஈரத்தை உறிஞ்சும், எடுக்கவும் மறந்துபோகும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், புளியும் வேண்டாம்

வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்தான். தாவர எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாக இறுகும். குதிரையும் விசையும் அதில் ஒட்டிக்கொள்ளும். எங்கும் கிடைக்கிற தையல் மெஷின் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும். ஆனால், காய்ந்த பிறகு பாதுகாப்பாக ஒன்றையும் விட்டுவைக்காது. டிராக்டரிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலில் அமிலமும் கரியும் இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

எண்ணெய் சொட்டச் சொட்டப் பூசவும் தேவையில்லை. விரலால் தொட்டால் பிசுபிசுப்புத் தெரிகிற அளவு போதும். அதிகமானால் பின்பக்கமாக இறங்கி மரக்கட்டையை ஊறவைத்து மெதுவாக்கிவிடும். எண்ணெய் பூசிய முதல் நாள் வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வைத்தால், மிச்சம் வடிந்துவிடும்.

பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்க்கிற கைகளுக்குத் துப்பாக்கியையும் அப்படித் தேய்க்கத் தோன்றும். குழலின் வெளியே தெரியும் கருநீல நிறம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேல் பக்குவமாக உண்டாக்கிய மெல்லிய படலம். துருவைத் தடுப்பதே அதுதான். புளி, எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் அந்த நீலம் கரைந்து, வெள்ளி போலப் பளபளக்கும். பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், அடுத்த வாரமே துரு. உப்புத்தாளும் அப்படித்தான். மேலே லேசான துரு இருந்தால், எண்ணெய் நனைத்து ஒருநாள் ஊறவிட்டுச் சாக்குத் துணியால் தேய்த்துப் பார்க்கலாம். உள்ளே குழி விழுந்த துருவை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் இருப்பதால், 'லேத்தில் கொடுத்து உள்ளே ஒரு இழுப்பு இழுத்துவிடலாமே' என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத பட்டறைக்காரரும் மாட்டுவார், கொடுத்தவரும் மாட்டுவார். குழலின் நீளத்தைக் குறைப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே கடைந்தால் குழலின் சுவர் மெலியும். மெலிந்த குழல் என்ன செய்யும் என்பதை மேலேயே பார்த்தோம்.

ஐப்பசி அடைமழைக்கு முன்

சுடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது முழுதாகத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். அதற்கு ஆயுத பூஜையைவிடப் பொருத்தமான நாள் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில்தான் அது வருகிறது. ஆனால், பூஜைக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் ஈரம். குழலில் பொட்டு வைத்து அப்படியே விட்டால், பொட்டு உதிர்ந்த இடத்தில் வட்டமாகத் துரு நிற்கும். மரக்கட்டையில் வைத்துவிட்டு, மறுநாள் துடைத்துவிடலாம்.

இதைத் திருவிழாவாகவே செய்பவர்கள் குடகு மலைக்காரர்கள். குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து நீண்டகாலமாக விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. செப்டம்பர் தொடக்கத்தில், நாற்று நடவு முடிந்த கையோடு வரும் 'கைல்போள்து' பண்டிகையில், வீட்டிலுள்ள துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்து, குழலின் வாயில் ஒரு பூவைச் செருகி வணங்குகிறார்கள். அவர்கள் மொழியில் அது 'தோக்குப் பூ', அதாவது துப்பாக்கிப் பூ. எந்தப் பூ தெரியுமா? நம் மாநிலப் பூவான செங்காந்தள். மூலனூர், ஒட்டன்சத்திரம் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்கிறார்களே, அதேதான்.

துப்பாக்கியை ரெக்ஸின் உறையிலோ, தோல் உறையிலோ போட்டு மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. உறைக்குள் ஈரம் தங்கும். உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, பூட்டிய அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வைப்பது நல்லது. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உள்ளே போடலாம். தோட்டா வேறு பூட்டில். சாவி குழந்தைகள் கண்ணில் படாத இடத்தில். இன்னொன்று, மறுபடி சுடுவதற்கு முன் குழலில் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். எண்ணெயில் நனைந்த கருமருந்து சில நேரம் தாமதித்து வெடிக்கும். 'சுடவில்லையே' என்று வாய்வழியே எட்டிப் பார்ப்பவருக்கு அதுதான் எமன்.

வாசகர்களுக்கு எழும் கேள்விகள்

*தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும்?*

தோட்டாவையோ மருந்தையோ துப்பாக்கிக்குள் வைத்துக்கொண்டு போகக் கூடாது. மேலே சொன்ன முறையில் கழுவி உலர்த்தி, வழக்கத்தைவிடச் சற்றுக் கனமாக எண்ணெய் அல்லது கிரீஸ் பூசி, துணியில் சுற்றிக் கொடுங்கள். 'உள்ளே கிரீஸ் உள்ளது, துடைக்காமல் சுடக் கூடாது' என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டுங்கள். ஒப்புகைச் சீட்டில் துப்பாக்கி எண்ணும் நிலையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரும்பப் பெறும்போது, உரிமத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டு, குழலுக்குள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

*மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து துப்பாக்கி நனைந்துவிட்டால்?*

2023 டிசம்பரில் அம்பத்தூர் எஸ்டேட்டே நாள் கணக்கில் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ள நீரில் சேறும் சாக்கடையும் இருக்கும். முதலில் காலியா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். வெயிலில் நாள் முழுக்கக் காயவைத்தால் மரம் வெடிக்கும். நிழல் காற்று போதும். உள்பாகங்களில் மண் போயிருக்கும் என்பதால், ஆயுதக் கடையில் பிரித்துப் பார்த்த பிறகுதான் சுட வேண்டும். நனைந்த தோட்டாக்கள் காய்ந்துவிட்டாலும் பயன்படுத்தாதீர்கள். காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படையுங்கள்.

*உரிமம் வைத்திருந்த தந்தை இறந்துவிட்டார். துப்பாக்கி பரணில் இருக்கிறது. துடைத்து வைக்கலாமா?*

துடைக்கவே வேண்டாம். உரிமம் அவர் பெயரில் இருந்தது. அவர் மறைந்த பிறகு அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் உரிமை குடும்பத்தில் யாருக்கும் தானாக வந்துவிடாது. ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகள் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருவதால், இங்கே உள்ளவர்கள் ஆணையர் அலுவலகத்தை அணுக வேண்டும். ஆணையரகம் இல்லாத ஊர்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

அவர் கடைசியாக எப்போது சுட்டார், மருந்து கிட்டித்து வைத்திருந்தாரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அதனால், பரணிலிருந்து நீங்களாக இறக்காமல், உரிமப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் மட்டும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். ஆயுதம் கையாளத் தெரிந்த காவலர் ஒருவர் வந்து இறக்கட்டும். அவர் வரும்வரை அந்த அறை பூட்டியிருக்கட்டும்.